சாய்ந்து நிற்கும் சீட்டுகள்

செத்துப்போன அண்ணன் காலை டீ நேரத்தில் அலுவலகத்துக்குள் வந்து வேலை பார்த்தால் தங்கை என்ன செய்வாள்? போன வாரம் இந்தக் கேள்வியோடுதான் நம்மை நடு அறையில் நிறுத்தி வைத்திருந்தாள், ஸ்கேல் என்று வீட்டில் கூப்பிடும் அந்தத் தங்கை. அவள் ஓடவில்லை, கத்தவில்லை. டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றாமல், சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரையில் 'பலகை' என்ற செயலி திறந்திருந்தது. பலகையின் மேல் ஓரத்தில், இந்த நிமிடம் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் சின்னச் சின்ன வட்டங்கள். ஒன்றில் அவள் முகம். பக்கத்து வட்டத்தில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரிக்கும் அண்ணன். அவனைச் சுற்றிப் பச்சை எரிந்தது.

அவள் பார்க்கப் பார்க்கவே, 'தரைவிரிப்பு' என்று எழுதிய சீட்டு மெல்லத் தலையைச் சாய்த்தது. சாய்ந்தபடியே நின்றுவிட்டது. வட்டம் அணைந்தது. கையிலிருந்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

இன்றைக்குத்தான் கதைக்குள் வந்து உட்காருகிறவர்களுக்காக, நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் அதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

இந்த வீட்டின் கீழ்த்தளம் பட்டறை, நடுத்தளம் அலுவலகம், மேல்தளம் குடும்பம். குழந்தைகள் ஏறவும் சறுக்கவும் ஒளியவும் விளையாட்டுக் கூடம் அமைத்துக் கொடுப்பது தொழில். அப்பா இரும்பையும் மரத்தையும் வளைத்துத் தொடங்கி வைத்தது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் அண்ணன் கைக்கு வந்தது. அண்ணனுக்கு ஊரெல்லாம் மேப்பு என்று பெயர். எதைக் கேட்டாலும் படம் போட்டுத்தான் பதில் சொல்வான். காகிதம் கிடைக்காவிட்டால் சாப்பாட்டு மேஜையில் தண்ணீரைத் தொட்டாவது வரைந்துவிடுவான். தங்கை நேர்மாறு. வாசலில் ஒரு செருப்பு கோணலாகக் கிடந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. ஸ்கேல் என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் அவன்தான்.

பலகை, மேப்பு பெற்று வளர்த்த பிள்ளை. எல்லோருடைய ஃபோனிலும், அலுவலகத் திரையிலும், அவனுடைய டேப்லெட்டிலும் ஒரே நேரத்தில் திறக்கும் பெரிய வெள்ளைவெளி. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு தீவு. தீவுக்குள் வண்ணச் சீட்டுகள், போட்டோக்கள், கிறுக்கல் படங்கள். எங்கிருந்தோ வந்து விழும் யோசனைகளை ஒதுக்கி வைக்க மேல் மூலையில் ஒரு மேகம். வேண்டாததை அழிக்க மாட்டான், ஒரு சாம்பல் கட்டத்துக்குள் தள்ளிவிடுவான். அந்தக் கட்டத்துக்கு 'சும்மா கிட' என்று பெயர் எழுதியிருந்தான். ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்கு அம்புக்குறி போடும்போது அவனுக்கென்று ஒரு சேட்டை உண்டு. கிளம்பும் இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கோட்டை இழுப்பான். எங்கிருந்து கிளம்பினோம் என்பது மறந்துவிடக் கூடாதாம்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவன் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ரவுண்டானாவில் லாரி. அவ்வளவுதான்.

எங்கே போனான், எதற்குப் போனான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஸ்கேலுக்கு மட்டும் தெரியும், அதாவது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். முந்தின நாள் அவள்தான் அவனிடம் எரிந்து விழுந்தாள். 'உன் பலகையைப் பாத்தா தலை சுத்துது. குப்பைத்தொட்டிகூட இதைவிட ஒழுங்கா இருக்கும்' என்றாள். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் கிளம்பிப் போனான். கோபித்துக்கொண்டுதான் போனான், நான்தான் அவனை அந்த ரோட்டுக்கு அனுப்பினேன் என்பது அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும் கல். அண்ணியும் அப்படித்தான் நினைக்கிறாள். அம்மா வீட்டுக்குப் போனவள் அதற்குப் பிறகு நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் போன துக்கத்தில் ஸ்கேலுக்குச் செய்யத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். பலகையில் இருந்த எல்லாச் சீட்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'நேராக்கு' என்ற பொத்தானை அழுத்தினாள். கோணல்மாணலாக நின்றவையெல்லாம் பள்ளிக்கூட வரிசை மாதிரி நின்றன. பிறகு மேஜையில் தலை வைத்து அழுதாள்.

இப்போது அந்தச் சீட்டுகள்தான் ஒன்றொன்றாகச் சாய்கின்றன.

சரி, இன்றைய நாளுக்கு வருவோம்.

ஃபோன் அடித்தது. நூலகத்து அம்மா, அங்கே பொறுப்பில் இருப்பவர். புதிதாகக் கட்டிய நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்கு இவர்கள்தான் ஏறு கோபுரமும் சறுக்கும் அமைத்திருக்கிறார்கள். நாளைக் காலை திறப்பு. இன்று மாலைக்குள் கூடத்தை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். மேப்பு கடைசியாகத் திட்டம் போட்ட வேலை அதுதான்.

"சாயங்காலம் வந்துடுவீங்கல்ல? வாசல்ல இப்பவே பிள்ளைங்க மூக்கைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க."

"வந்துடறேம்மா."

"கட்டி முடிச்ச கூடத்தை உங்க அண்ணன் ஒரு தடவைகூடப் பாக்காமப் போயிட்டாரு. அதை நெனைச்சாத்தான் மனசு கேக்கல."

"ஆமாம்மா" என்று வைத்துவிட்டாள். வைத்த கையோடு, இத்தனை நாள் விரல் வைக்கப் பயந்த ஒரு பெயரைத் தேடி அழுத்தினாள். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தாள்.

"சொல்லு" என்றாள் அண்ணி. பின்னால் மருந்துக்கடைச் சத்தம்.

"அண்ணி, நான்தான்."

"தெரியுது. கடையில கூட்டமா இருக்கு. சொல்லு."

"அண்ணன் பலகைக்குள்ள வர்றான்."

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்பது மட்டும் கேட்டது. 

* * *

மத்தியானம் அண்ணி வந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவளோடு மருந்து வாசனையும் படியேறி வந்தது. இந்த வீட்டுக்குள் அவள் காலடி வைத்து மாதங்கள் ஆகிவிட்டன. மெலிந்திருந்தாள். ஸ்கேல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணி உட்காரவில்லை.

"யாரோ அவர் பேர்ல உள்ள வர்றாங்க. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பாஸ்வேர்டை மாத்தினியா?"

"இல்ல."

"ஏன் மாத்தல?"

"மாத்திட்டா அவன் வர முடியாதே அண்ணி."

அண்ணி பையை மேஜையில் வைத்துவிட்டு, இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி. காட்டு."

நூலகத் தீவைப் பெரிதாக்கிக் காட்டினாள் ஸ்கேல். நேர்வரிசைகளுக்கு நடுவே மூன்று சீட்டுகள் மட்டும் சாய்ந்து நின்றன. ஏணிப்படி, விளக்கு, காலையில் சாய்ந்த தரைவிரிப்பு.

அண்ணி திரைக்குக் கிட்டே போனாள். 

"இதெல்லாம் சாய்ஞ்சா இருக்கு?"

"நான் நேராக்கி வெச்சேன். அதுவாச் சாயுது."

"நேராக்கினியா? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். என்ன அண்ணி?"

"அடிப்பாவி. அவருக்கு ஒரு விஷயம் மனசுல ஒட்டலைன்னா அதைச் சாய்ச்சு வெப்பாரு. உனக்குத் தெரியாதா? எங்க ரூம்ல கல்யாண போட்டோ ஒரு மாசம் கோணலாவே தொங்குச்சு. என்னடா, நம்மளைப் பத்தியே சந்தேகம் வந்துடுச்சான்னு நான் மனசுக்குள்ள அழுதுட்டு இருக்கேன். கேட்டா, ஆணி மேல சந்தேகமாம். ஆணியை மாத்தினப்புறம்தான் நேரா மாட்டினாரு."

சிரிக்க வேண்டிய கதைதான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஸ்கேலுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் நேராக்கியது அழுக்கையோ அலங்கோலத்தையோ அல்ல. அண்ணனுக்கு எதெதிலெல்லாம் மனசு ஒட்டவில்லையோ, அதையெல்லாம் ஒரே பொத்தானில் வழித்துத் துடைத்துவிட்டாள். எத்தனை இருந்தன, எவை எவை, ஒன்றும் ஞாபகமில்லை. அவள் அப்போது சீட்டுகளைப் படிக்கவே இல்லை, கோணலை மட்டும்தான் பார்த்தாள்.

"முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு அதுல திருப்பிப் பாக்க முடியாதா?"

"ஒரு மாசத்துப் பழசு வரைக்கும்தான் நிக்கும் அண்ணி. இது அதுக்கும் முன்னாடி."

"அப்போ இந்த மூணும்?"

"மூணும் சரியாயிடுச்சு. ஏணிப்படி உயரம்னு நூலகத்துல சொன்னாங்க, குறைச்சோம். விளக்கு பிள்ளைங்க கைக்கு எட்டுதுன்னு மேல தூக்கிட்டோம். தரைவிரிப்பு வழுக்குது, போன வாரம்தான் மாத்தினோம்."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று புலப்பட்டது. மூன்றும் நிஜமாகவே சிக்கலாகத்தான் முடிந்திருந்தன. அவன் அப்போதே சாய்த்து வைத்த மூன்றும்.

"ஸ்கேலு" என்று கூப்பிட்டாள் அண்ணி. குரல் கிசுகிசுத்தது.

பச்சை வட்டம் எரிந்தது. விரல் போகும் இடத்தைக் காட்டும், அவன் பெயர் எழுதிய சின்னக் கொடி திரையின் ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. விளக்கைத் தாண்டியது. ஏணிப்படியைத் தாண்டியது. எதையோ தேடுவதுபோலத் தயங்கித் தயங்கி நகர்ந்தது. அண்ணி எழுந்து நின்று, தன்னையறியாமல் கையை நீட்டி அந்தக் கொடியைத் தொடப் போனாள். உதடு அவன் பெயரைச் சொல்லி அசைந்தது, சத்தம் வரவில்லை. மருந்துக்கடையில் ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள்தான் அவள். இப்போது அந்தக் கொடி அவன்தான் என்று யாராவது சொன்னால் கைகூப்பி நம்பியிருப்பாள்.

கையை நீட்டியபடியே நின்றாள். பிறகு மெல்லக் கீழே இறக்கினாள்.

"நடுங்குது பாரு" என்றாள்.

"என்ன அண்ணி?"

"கொடி. நிக்கிற இடத்துல நிக்காம நடுங்குது. உங்க அண்ணன் கை நடுங்காது."

இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். மேலே அப்பாவின் கட்டில் கிரீச் என்றது.

* * *

அப்பா கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மேப்புவின் டேப். விபத்துக்குப் பிறகு போலீஸ் கொடுத்த பையோடு எங்கேயோ போய்விட்டது என்று எல்லோரும் தேடிக் கைவிட்ட அதே டேப். மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கதவு திறந்ததும் துண்டை எடுத்து அதன்மேல் போட்டார், திருடித் தின்ற பிள்ளை மாதிரி.

பிறகு மருமகளைப் பார்த்தார். துண்டை அவரே எடுத்துவிட்டார்.

"வாம்மா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மாமா" என்று பொய் சொன்னாள் அண்ணி.

ஸ்கேல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்றுதான் படியேறி வந்தாள். வரவில்லை, அழுகைதான் வந்தது.

"ஏம்பா? நான் பயந்தே செத்திருப்பேன். சொல்லியிருக்கலாமே."

"நீயே பாதி உயிராத் திரிஞ்ச. உன்கிட்ட எதைச் சொல்றது?" அப்பா டேப்பின் விளிம்பைத் தடவினார். "அவன் வெச்சதெல்லாம் நீ நேராக்கிட்ட. அன்னிக்குக் கீழ வந்து பாத்தேன். அவன் ரூமைக் காலி பண்ணின மாதிரி இருந்துச்சு. அவன் எப்படி வெச்சிட்டுப் போனானோ அப்படியே இருக்கட்டும்னு ஒண்ணொண்ணாத் திருப்பி வெச்சிட்டு இருக்கேன். இந்தக் கைக்கு ஒரு சீட்டைச் சாய்க்கிறதுக்குள்ள மதியம் ஆயிடுது."

"அதெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் சாயங்காலம் அவன் பக்கத்துலதானே உக்காந்திருப்பேன். எழுத்து மங்கலாத்தான் தெரியும். கோணம் நல்லாத் தெரியும்."

"அது ஏன் சாய்ஞ்சிருக்குன்னு தெரியுமா மாமா?" அண்ணி கேட்டாள்.

"அவன் எதைத்தான்மா நேரா வெச்சான்? அவன் பழக்கம் அப்படி."

அண்ணியும் ஸ்கேலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு அர்த்தம் தெரியாது. மகன் விட்டுப்போன கோணல்களை, கோணல்களாகவே காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

"முடிஞ்சுதாப்பா? எல்லாத்தையும் வெச்சுட்டீங்களா?"

"ஒண்ணு பாக்கி. அதைத்தான் இப்பத் தேடிட்டு இருந்தேன். மத்ததெல்லாம் லேசாச் சாய்ஞ்சிருக்கும். அது கிட்டத்தட்டப் படுத்தே கிடந்துச்சு. அவ்வளவு தூரம் திருப்ப என் கை ஒத்துழைக்கல."

"எது?"

அப்பா விரலை வைத்தார். விரல் தாளம் போட்டது. அண்ணி அவர் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள். சீட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஏறக்குறையப் படுத்துக்கொண்டது. சீட்டில் ஒரு வெற்றுச் சுவரின் போட்டோ. கீழே அண்ணன் எழுத்தில் 'கோபுரம் – சுவர்ப் பிடிப்பு'.

"இதை எப்பப்பா சாய்ச்சான்?"

"நீ அவனைத் திட்டின அன்னிக்கு. நீ தொம்மு தொம்முன்னு மேல ஏறிப் போனப்புறம் திரும்ப உக்காந்து இதைத்தான் செஞ்சான். ரொம்ப நேரம் இந்த போட்டோவையே பாத்துட்டு இருந்தான்."

ஸ்கேல் கேட்கப் பயந்து பயந்து மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட கேள்வி இப்போது தானாக வெளியே வந்தது.

"கோவமா இருந்தானாப்பா?"

"கோவமா? சிரிச்சான். 'ஸ்கேல் சொல்றது சரிதான்பா, இது குப்பைதான். ஆனா என் குப்பை'ன்னான்."

 ஸ்கேல் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அண்ணி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்தில் வந்து, அவள் கலைந்த தலைமுடியை ஒருமுறை ஒதுக்கிவிட்டாள். மன்னிப்பு என்று அதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

"அழறதை அப்புறம் வெச்சுக்கோ. அந்தச் சுவர்ல என்ன பிரச்சினை?"

ஸ்கேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "வரைபடத்துல கெட்டிச் சுவர்னு இருந்துச்சு. அதை நம்பித்தான் கோபுரத்தைச் சுவரோட போல்ட்டுப் போட்டுப் பிடிச்சிருக்கோம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கெட்டிச் சுவர்தானா? உள்ள பொந்து வெச்ச கல்லா இருந்தா முறுக்கறப்போ பிடிக்கும். பிள்ளைங்க மேல ஏறிக் குதிச்சுக் குலுக்கக் குலுக்கத் தளர்ந்துடும். தட்டிப் பாத்தீங்களா?"

யாரும் தட்டிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிச் சாய்ந்து படுத்திருந்த சீட்டை ஸ்கேல்தான் நிமிர்த்தி நிற்க வைத்துவிட்டாளே. நாளைக் காலை கதவு திறந்ததும் அந்தக் கோபுரத்தில் ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் ஏறும்.

"எழுந்திரு, போலாம்" என்றாள் அண்ணி.

கதவருகே போனவள் திரும்பி நின்றாள். "மாமா, அந்த டேப்பை அணைச்சிடாதீங்க. வட்டம் எரியட்டும்."

* * *

ஸ்கூட்டரை ஸ்கேல் ஓட்டினாள். ரவுண்டானா நெருங்கியதும் பின்னால் இருந்த அண்ணியின் கைகள் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்தன. அந்த வழியைத் தவிர்க்கத்தான் அண்ணி இத்தனை நாளும் ஊரைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய்வருகிறாள். ஸ்கேல் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. தாண்டி வெகுதூரம் போன பிறகும் அந்தக் கைகள் தளரவில்லை.

நூலகத்தில் புதுப் பெயின்ட் வாடை. அலமாரிகளில் பாதிக்குமேல் காலி. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் வந்து கோபுரத்தின் மஞ்சள் சறுக்கில் படுத்திருந்தது. நூலகத்து அம்மா சாவிக்கொத்தும் தாள்களுமாகத் தயாராக நின்றார். நல்ல மனுஷி. பழுப்புப் புடவையும் பெரிய கைக்கடிகாரமுமாக, பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று சொல்லவே தெரியாத முகம்.

"இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு."

"ஒரே ஒரு தடவை அடியில பாத்துட்டுப் போட்டுடறேம்மா."

"அடியிலயா? அங்க என்ன இருக்கு?"

ஸ்கேல் குனிந்தாள். கோபுரத்தின் கீழ்த்தட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒருவர் தவழ்ந்து போகிற இடம்தான். உள்ளே தூசியும் மரத்தூளும். ஃபோன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு முழங்கையை ஊன்றி ஊன்றிச் சுவர் வரைக்கும் போனாள்.

முதலில் தூணைத் தட்டினாள். கெட்டியாக, ஊமையாக இருந்தது. பிறகு சுவரைத் தட்டினாள். டப், டப் என்று உள்ளே காற்று பேசியது.

போல்ட்டின் நட்டில் விரலை வைத்துச் சும்மா ஒரு திருப்புத் திருப்பினாள். ஸ்பேனர் போட்டு முறுக்கிய நட்டு, விரலுக்குத் திரும்பியது.

 பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக வந்து போயின. கண்ணை மூடித் திறந்து வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள். அப்போதுதான் பார்த்தாள்.

சுவரின் அடியில், பெயின்ட் அடிப்பவர்கள் தொடாமல் விட்ட இடத்தில், மஞ்சள் மெழுகுப் பென்சிலால் பெருக்கல் குறிகள். போல்ட்டு வரவேண்டிய இடங்களுக்கு நேர் கீழே ஒவ்வொன்று. அங்கிருந்து, இங்கே வேண்டாம் அங்கே என்பதுபோல், தூணை நோக்கி ஒரு அம்புக்குறி. இதே பென்சில் அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், துவைக்கப் போட்டால் அண்ணியின் புடவையெல்லாம் மஞ்சளாகும் என்று வீட்டில் தினம் ரகளை.

அம்புக்குறி கிளம்பும் இடத்தில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது.

"அண்ணி."

"என்ன? சரியா இருக்கா?"

"உள்ள வாங்க."

வெள்ளைக் கோட்டோடு அண்ணி தவழ்ந்து வந்தாள். தலை இடித்தது, பொருட்படுத்தவில்லை. வெளிச்சம் விழுந்த இடத்தைப் பார்த்தாள். விரலை நீட்டி முடிச்சைத் தொட்டாள். மத்தியானம் திரையில் தொடப் போய்த் தொட முடியாமல் இறக்கிய அதே விரல். இந்த முறை நுனியில் மஞ்சள் ஒட்டியது.

"இங்க வந்திருக்காரு" என்றாள்.

"ம்."

"வந்து, பாத்து, குறி போட்டிருக்காரு."

"ம்."

"அப்போ ரவுண்டானாவுல..."

"போகும்போது இல்ல அண்ணி. முந்தின நாள் சாய்ச்ச சீட்டுக்குத்தான் மறுநாள் காலையில வந்து குறி போட்டிருக்கான்." ஸ்கேல் குறிகளின் மேல் வெளிச்சத்தை நகர்த்தினாள். "திரும்பி வரும்போது. வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்திருக்கான்."

அண்ணி மரத்தூளின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்ச் செத்தார் என்ற நினைப்பை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தவள். அந்தக் காலையில் அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் கதவை நோக்கித்தான் அவர் வந்துகொண்டிருந்தார். ஸ்கேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், மஞ்சள் அவள் கையிலும் ஒட்டியது.

வெளியே வந்தபோது இருவரும் தலையிலிருந்து கால்வரை தூசி. ஸ்கேல் உடையைத் தட்டிவிடக்கூட இல்லை. அதிலேயே தெரிந்துகொள்ளுங்கள், அவள் எந்த நிலையில் இருந்தாள் என்று.

"நாளைக்குத் திறக்க வேண்டாம்மா."

"என்னம்மா சொல்றீங்க? எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"பிடிப்பு நிக்காது. சுவர் உள்ள பொந்து. கோபுரத்தைப் பிரிச்சு, தூணோட சேத்து மறுபடி மாட்டணும். அதுவரைக்கும் ஒரு பிள்ளை இதுல கால் வெக்கக் கூடாது. எங்க தப்புதான், என் தப்பு. நாங்கதான் பாக்காம விட்டோம். எங்க அண்ணன் பாத்துட்டான்மா. குறிகூடப் போட்டு வெச்சிருக்கான்."

நூலகத்து அம்மாவின் கையிலிருந்த தாள்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன.

"அந்த மஞ்சள் குறியா?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஸ்கேல் தன் கையைப் பார்த்தாள். விரல்களை அவள் முஷ்டியாக மூடி வைத்திருந்தாள். அண்ணியின் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. மஞ்சள் என்று இருவரும் சொல்லவில்லை.

"காலையிலகூட அவனைப் பத்திப் பேசினீங்க, அவன் இங்க வந்ததைச் சொல்லவே இல்லையேம்மா."

நூலகத்து அம்மா சரிந்த தாள்களை நேராக அடுக்கப் பார்த்தார்.

அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள். கண்ணீர் காய்ந்து முகத்தில் தூசிக்கோடுகளாக நின்றது. "அன்னிக்கு லீவு நாள். பூட்டின கட்டடம். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது யாரு?"

நூலகத்து அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பிள்ளைகளுக்காகப் போட்டிருந்த குட்டி நாற்காலி ஒன்றில், இடம் போதாமல், ஒடுங்கி உட்கார்ந்தார். சாவிக்கொத்து மடியில் சத்தமிட்டது.

"நான்தான் திறந்துவிட்டேன். கிளம்பும்போது உங்க வீட்டு நம்பரை எழுதிக் குடுத்தாரும்மா. அவர் ஃபோன்ல சார்ஜ் இல்ல. உடனே கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லச் சொன்னாரு" என்றார். அண்ணியை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. "நான் கூப்பிடல."